மைன்ஸ் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் சுரங்கத்தைக் காட்டாமல் அனுப்புவதில்லை. கல்யாணமோ கருமாதியோ, சாப்பாடு முடிந்ததும் "மைன்ஸ் பாத்துட்டுப் போங்க" என்று வண்டியை எடுத்துவிடுவார்கள். என்னைப் பெண் பார்க்கத் திருச்சியிலிருந்து அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா அந்த ஏற்பாட்டோடுதான் காத்திருந்தார். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் ஷிப்ட் பார்க்கிறவர் அவர்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மாதமாக ஃபோனில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறார், நான் பள்ளிக்கூடத்தில். அவருடைய அப்பாவும் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னைவிட அப்பாவுக்கு.

வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டது.

"ஃபர்னிச்சர்ஸ் எல்லாம் பொண்ணு செலக்‌ஷன்தாங்க" என்றார் அப்பா.

"ஃபர்னிச்சர். எஸ் வராது" என்றார் பேராசிரியர், சிரித்துக்கொண்டே.

அப்பாவும் சிரித்துவைத்தார். "எங்க செக்‌ஷன்ல ஸ்டாஃப்ஸ் எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்ப கல்யாணம்னு."

"ஸ்டாஃப்."

அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. மரியாதை இல்லாமல் பேசிய இன்ஜினியரை ஷிப்ட் நடுவில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டவர். எப்போது வெடிப்பாரோ என்று அம்மா காபித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா வெடிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மைன்ஸ் பாக்கப் போலாங்களா?" என்றார் அப்பா.

"எத்தனை சுரங்கம் காட்டப்போறீங்க?"

"ஒண்ணுதாங்க. நான் வேலை பாக்கறது."

"அப்ப மைன். மைன்ஸ் இல்ல."

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "இந்த ஊர்ல ஒண்ணா இருந்தாலும் மைன்ஸ்தான் சார். அஜெண்டாகூட ஒரு காலத்துல பன்மைதான். இப்ப யாராவது அப்படி நினைக்கிறாங்களா? பேசப் பேச மாறிடுது."

"தப்பைப் பத்துப் பேர் சொன்னா சரியாயிடுமாம்மா?" என்றவர், மகன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா."

போன வாரம்தான் ஃபோனில் இதே பேச்சு வந்தது. "ஜனங்க எப்படிப் பேசறாங்களோ அதுதான் மொழி. எங்கப்பாகிட்ட சொன்னா அடிக்க வருவார்" என்று சிரித்தவர் இவர். நான் அவர் முகத்தையே பார்த்தேன். என் கட்சி பேசக்கூட வேண்டாம். "விடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை போதும்.

"அப்பா சொல்றதுதான் கரெக்ட்" என்றார், கையிலிருந்த பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு.

அம்மா என் பக்கத்தில் வந்து, "நீ ஏன்டி வாயக் குடுத்துகினு நிக்கிற, உள்ள போ" என்று கிசுகிசுத்தாள். அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க சார். வெயில் தாழ்ந்துடுச்சு. மைன்... மைன் பாத்துட்டு வந்துடலாம்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்து நான் கேட்டதே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சுரங்கத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் அப்படியே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அவங்களுக்குப் புடிச்சிருக்காம்மா. ஆவணியிலயே வச்சிக்கலாங்கறாங்க. நீ என்ன சொல்ற?"

"வேணாம்ப்பா."

"அந்தாளு பேசுனதுக்கா? அது கெடக்குது வுடு. நீ என்ன அவரு கூடவா குடும்பம் நடத்தப்போற? பையன் தங்கமான பையன்."

"உங்கள மட்டம் தட்டறப்ப அந்தத் தங்கமான பையன் தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாருப்பா. நாளைக்கு என்னைச் சொல்றப்பவும் அப்படித்தான் உக்காந்திருப்பாரு."

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும்தானம்மா கம்முனு உக்காந்திருந்தேன்" என்றார்.

"நீங்க எனக்காக உக்காந்திருந்தீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.