எண் இல்லாத குமிழ்

வேன் சித்தப்பாவின் பெயரில் இருந்தது. வாங்கிய காலத்தில் அப்படி அமைந்துவிட்டது. அண்ணன் தம்பிக்குள் என்ன என்று அப்பாவும் விட்டுவிட்டார். அம்மா சமைத்த சாப்பாட்டை அந்த வேனில்தான் அப்பா துவாஸ் விடுதிகளில் இருந்த தொழிலாளர்களுக்குக் கொண்டுபோவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதனால்தான்.

ஒருநாள் விளக்கு மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்த அப்பா, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். அழுவதற்கு நேரமில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டை அம்மாவே வேனில் ஏற்றினாள். ஓட்டுநர் உரிமம் அவளிடம் இருந்தது, பழக்கம்தான் போதாது. எங்கள் வீடு இருந்த பொங்கோலிலிருந்து துவாஸ் என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. பள்ளி விடுமுறையானதால் நானும் போவேன். பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து குழம்பு சிந்தாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

அந்த வாரத்தின் நடுவில் சித்தப்பா வந்தார். வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் இனிமே வேன் ஓட்ட முடியாது அண்ணி. வாங்குறதுக்கு ஆள் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறேன். ஸ்பேர் சாவி என்கிட்ட இருக்கு."

அம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு வடை வைத்தாள். அவர் போன பிறகு அப்பாவின் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். திங்கட்கிழமை அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். அண்ணன் எதிரில் நாற்காலியில்கூட உட்காராத தம்பி, அவர் முகத்தைப் பார்த்து வேனைக் கேட்கவே மாட்டார். அதனால்தான் ஞாயிறு என்கிறார். ஒரே ஒரு நாள் தாண்டினால் போதும் என்றாள். அத்தை என்ன சொன்னாரோ, அம்மா போனை வைத்துவிட்டு வெகுநேரம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துவாஸிலிருந்து திரும்பும்போது, நேரே வீட்டுக்குப் போகாமல் தேக்காவைத் தாண்டி ஒரு சந்தில் இருந்த உதிரிபாகக் கடைக்கு ஓட்டினாள். கியர் கம்பியின் தலையில் இருக்கும் குமிழ் எப்போதோ விண்டு போயிருந்தது. எண்கள் மறையாமல் அப்பா டேப் சுற்றியே காலத்தை ஓட்டியிருந்தார். அதை மாற்ற வேண்டும் என்றாள்.

கடைக்கார பாய் ஒரு தட்டு நிறையக் குமிழ்களைக் கொண்டுவந்து வைத்தார். மண்டையோடு, பில்லியர்ட்ஸ் பந்து, உள்ளே ரோஜாப்பூ மிதக்கும் கண்ணாடிக் குமிழ். நான் ரோஜாவைப் பிடித்துக்கொண்டேன். அதில் கியர் எண்களைப் பொன்னிறத்தில் போட்டிருந்தார்கள். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் தட்டில் வைத்தாள். எடுத்தது மொழுமொழுவென்று கறுப்பாக இருந்த ஒன்று. அதில் ஒரு கோடுகூட இல்லை.

"இதுல நம்பரே இல்லையேக்கா," என்றார் பாய். "நாளைக்கு வேற யாராச்சும் எடுத்தா முழிப்பாங்க லா."

"வேற யாரு எடுக்கப் போறா பாய். மாட்டுங்க."

அவர் வேனில் ஏறித் திருகிப் பார்த்தார். பொருந்தியது. உடைந்த பழைய குமிழை விளையாட எனக்குத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைக் குப்பைக் குழாயில் போட்டாள். பத்து மாடியும் தட்டித் தட்டி அது விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சித்தப்பா வந்துவிட்டார். அம்மா டீ கொடுத்தாள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, வண்டி நிற்கும் இடத்தைப் பிள்ளை காட்டும் என்று என்னைக் கூடவே அனுப்பினாள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில், ஒரு மூலையில், சுவரை முட்டுகிறாற்போல் நின்றது வேன். இரண்டு பக்கமும் தூண்கள். தரை சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. சித்தப்பா ஏறி உட்கார்ந்து, கியர் கம்பியைப் பார்த்து, குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். அவருடைய சொந்தக் கார் கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். ஆனால் ஆர்மியில் லாரியே ஓட்டியவர் என்று எல்லா விசேஷத்திலும் சொல்வார்.

கம்பியை வலது ஓரம் கீழே இழுத்தார். வேன் முன்னால் குதித்தது. இடது ஓரம் மேலே தள்ளினார். மறுபடியும் முன்னால். பம்பர் சுவரைத் தொட்டு நின்றது. பல் கடிப்பதுபோல் கியர் கத்தியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். இறங்கி முன்பக்கம் கைவைத்துத் தள்ளினார். சரிவில் அது அசையவில்லை. போனை எடுத்தார். அந்த மூலையில் சிக்னல் இல்லை. கார் எடுக்க வந்த ஒரு சீனத் தாத்தா தன் வேலையை மறந்து நின்று வேடிக்கை பார்த்தார். சித்தப்பாவின் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"ரிவர்ஸ் எங்கம்மா இருக்கு?" என்று என்னைக் கேட்டார், மெதுவாக.

"பழசுல எழுதியிருந்துச்சு சித்தப்பா. இதுல ஒண்ணுமில்ல."

"பழசு எங்க?"

"குப்பையில போட்டுட்டாங்க."

அம்மாவைக் கேட்டு வரச்சொல்லி அனுப்பினார். நான் மேலே ஓடினேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். எண்ணெயில் ஒன்றும் வேகவில்லை.

"வண்டி நகர்ந்துச்சா?"

"முன்னாலதான் போகுது. ரிவர்ஸ் எங்கன்னு கேக்குறாரு."

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"கைக்குத்தான் தெரியும், வாயால சொல்லத் தெரியலன்னு சொல்லு. இந்த வேலைய முடிச்சிட்டு நானே வந்து எடுத்துக் குடுக்கிறேன்னு சொல்லு."

சொன்னேன். அண்ணி வந்து, அந்தத் தாத்தாவுக்கு முன்னால், தனக்கு வண்டி எடுத்துக் கொடுப்பதா? சித்தப்பா சாவியைப் பைக்குள் போட்டார். நாளைக்கு ஆளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மேலே வராமலே போனார்.

மறுநாள் அவர் தனியாகத்தான் வந்தார், ஆரஞ்சுப் பையோடு. கட்டிலில் இருந்த அப்பாவுக்கு எதிரே நின்றுகொண்டே நலம் விசாரித்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கொடுத்த வேன்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது என்றார். சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார். வேனைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த வண்டியையெல்லாம் ஓட்டியவள் நான். ஒரு பழைய லாரியில் ரிவர்ஸ் கிடைக்காமல் நான் திணறியபோது, கம்பியைக் கீழே அழுத்தி இடது ஓரம் தள்ளு என்று யாரோ கத்தினார்கள். அப்போதுதான் எங்கள் வேன் ஞாபகம் வந்தது. அதை எப்போதும் பின்பக்கமாக ஏற்றி நிறுத்துகிற அம்மா, குமிழ் மாற்றிய நாளிலிருந்து அந்த ஞாயிறு வரை மட்டும், தினமும் அந்தச் சரிவு மூலைக்கே போய், சுவரை முட்டுவதுபோல் நிறுத்தினாள். எங்கம்மாவுக்கு வண்டி நிறுத்தவே தெரியாது என்று கீழ்வீட்டுத் தோழியிடம் சொல்லி நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.