அழிக்க மறந்த நிழல்

திருச்சியிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் இடது ஓரம் உட்கார்ந்திருந்தேன். பாடாலூர் தாண்டியதும் முன்சீட்டு அம்மா தலையைச் சற்றே சாய்த்தார். அவருடைய கொண்டைக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டின் நடுவில் அந்தப் பழைய இரும்புக் காற்றாடி வந்து நின்றது. ஒரே ஒரு நொடி அது கொண்டையில் செருகிய பூ. பஸ் நகர்ந்தது, பூ மறுபடியும் காற்றாடி ஆகிவிட்டது. எனக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. இதைப் பூவாக்கினால் என்ன? மேசை விசிறியாக்கினால்? பெரம்பலூரில் இறங்குவதற்குள் மண்டைக்குள் அரை டஜன் படங்கள் தயார்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் வராத காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்க நிறுத்தியது அது. நாலு கால் கோபுரம், உச்சியில் வட்டமாகத் தகர இறக்கைகள், பின்னால் காற்றுக்குத் திரும்ப ஒரு வால். மோட்டார் வந்தபின் வாலை மடக்கிச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். இப்போது சுற்றுவதில்லை. ஆனாலும் டவுன் பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் இன்றுவரை ‘காத்தாடி’தான்.

ஞாயிறு சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றேன். காட்டுக்காரர் செல்வராணி அக்கா.

“காத்தாடிய எடுத்து என்ன பண்ணப் போற?”

“பூவாக்கப் போறேன்க்கா.”

“அதுக்கா இம்மாந்தூரம் வந்த? உங்க வூட்ல ஒரு பூச்செடி கூடவா இல்ல?”

அவருடைய மகள் யாழினிக்கு ஆறு வயது. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. அரியலூரில் டிப்பர் லாரி ஓட்டும் பாஸ்கர் மாமா மடியில் உட்காரப் போவதை என்னிடம் நாலு தடவை சொன்னாள். “அப்ப எனக்கு இந்தக் காத்தாடி கைல வேணும். குட்டியா. சுத்தணும்” என்றாள். செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். எந்த விளையாட்டுக்கும் முதலில் காற்றாடியைப் படத்திலிருந்து தூக்கி, வெறும் வானமும் காடுமாக ஒரு படம் செய்துகொள்ள வேண்டும். கோலத்துக்கு முன் வாசல் தெளிப்பது மாதிரி. அதன்மேல் சூரியகாந்தி வைத்தேன், மேசை விசிறி வைத்தேன். இந்த மண்ணில் சுருள் சுருளான கடல் சிப்பிக் கற்கள் கிடைக்கின்றன அல்லவா, அதனால் காட்டையே கடலாக்கிக் காற்றாடியை மூழ்கிப்போன கப்பலின் விசிறியாக்கினேன். யாழினி கேட்டதுதான் சரியாக வரவில்லை. அவள் படத்தில் கைக்குள் குட்டிக் காற்றாடியை வைத்துப் பார்த்தேன், விரல்கள் ஒட்டவைத்தது போலவே இருந்தன. மற்றதையெல்லாம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவசரத்தில் அந்த வெறும் படமும் சேர்ந்து போய்விட்டது.

வியாழன் காலை செல்வராணி அக்கா போன் செய்தார். குரலில் அழுகையும் கோபமும் கலந்திருந்தன.

“ஏம்மா நிவேதா, என்னம்மா பண்ணி வச்சிருக்க? காத்தாடிய நான் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னு என் தம்பி சொல்றான். காதுகுத்துக்கு வர மாட்டானாம்.”

விஷயம் இதுதான். அந்தத் தம்பிதான் யாழினியின் மாமா, எனக்கு பாஸ்கர் அண்ணன். அவர்கள் அப்பா இறந்தபின் அவர் அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்: “காட்ட நீயே வச்சுக்க, காத்தாடி மேல மட்டும் கை வைக்காத.” பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுப் போனதும் அவருக்குத் தெரியும். என் வெறும் படம் மட்டும் தனியாகப் பிரிந்து, ‘காத்தாடி காலி’ என்ற எழுத்தோடு அரியலூர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்காவின் நம்பரை அவர் பிளாக் செய்துவிட்டார். அந்தக் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். நாளை வெள்ளி. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வந்து இறங்கிவிட்டார்கள். மாமன் மடி இல்லாமல் அந்த வீட்டில் யாருக்கும் காது குத்தியதில்லை.

பத்து மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் பிடித்தேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், எனக்கு முந்நூறாக நீண்டது. பேரளி தாண்டிப் பருத்திக் காடுகள் ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டுக்காரர் தன் போனை என் பக்கம் நீட்டினார்.

“பாத்தியாம்மா, பாடாலூர்க் காத்தாடிய வித்துப்புட்டாங்க.”

“இல்லைங்க. அது எடிட் பண்ணுன படம். நான்தான் பண்ணினேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரையை விரலால் தள்ளிக் கடலடிப் படத்தைக் காட்டினார். “எடிட்டுன்னா இது. பசங்க விளையாட்டு, பாத்தாலே தெரியுதுல்ல?” மறுபடி வெறும் வானத்துக்கு வந்தார். “இதுல என்ன எடிட்டு இருக்கு? ஒண்ணுமே இல்லையே!”

மெனக்கெட்டுச் செய்த பொய்களை யாரும் நம்பவில்லை. ஒன்றுமே இல்லாத படத்தை மாவட்டமே நம்பிவிட்டது.

அரியலூரில் ஷேர் ஆட்டோ பிடித்து, டிப்பர்கள் வரிசை கட்டி நிற்கும் எடைமேடைக்குப் போனேன். சாலையோர வேப்பமரம் வரை சுண்ணாம்புத் தூசியில் வெளுத்திருந்தது. பாஸ்கர் அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் நிவேதா. அந்தப் படம் எடுத்தவ.”

“நிக்கிற படமா, நிக்காத படமா?”

போனில் அசல் படத்தைக் காட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்தார். “தூக்கத் தெரிஞ்சவளுக்கு வைக்கத் தெரியாதா?”

அக்காவுக்கு என் போனிலிருந்து வீடியோ கால் போட்டேன். அக்கா போனைத் திருப்பி, “டேய் பாஸ்கரா, இந்தா நிக்குது பாருடா!” என்று கத்தினார். கோபுரம் திரையில் ஆடியது. பாஸ்கர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்ப வீடியோவும் பண்றானுவோ. செத்தவங்களே பேசுற மாதிரி பண்றானுவோ. எங்கக்கா அனுப்பி வச்சாளா உன்னை?”

எந்தப் படத்தைக் காட்டினாலும் நான் செய்தது என்றுதானே சொல்வார்? அப்படியானால் செய்வதையே காட்டிவிடலாம். அவருடைய டிப்பரை அங்கேயே ஒரு படம் எடுத்தேன். அவர் கண் முன்னால் விரலால் வண்டி மேல் தேய்த்தேன். சக்கரம் போனது, தொட்டி போனது, கேபின் போனது. மிஞ்சியது வேப்பமரமும் சாலையும்.

அண்ணன் சட்டென்று திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். எட்டிப் பார்த்த இன்னொரு டிரைவர் சும்மா இருப்பாரா? “பாஸ்கரு, டியூ கட்டலையா? வண்டியத் தூக்கிட்டாங்கடா!”

அண்ணன் சிரிக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“வண்டி போச்சு. நிழல் மட்டும் தரையில கெடக்குதே?”

எனக்குச் சுருக்கென்றது. வெறும் படத்தைத் தேடி எடுத்தேன். வலது ஓரத்தைப் பெரிதாக்கினேன். சாயங்கால வெயிலில், மக்காச்சோளத் தோகைகள் மேல் நீளமாக நாலு கால் கோபுரம், அதன் உச்சியில் வட்டம். காற்றாடியைத் தூக்கியவள் நிழலைத் தூக்க மறந்திருக்கிறேன். கரும்பச்சைக் கோடுகளோடு கோடாக அது கலந்து கிடந்ததால் நானும் பார்க்கவில்லை, அனுப்பிய ஒருவரும் பார்க்கவில்லை.

“நிக்காத காத்தாடிக்கு ஏதுண்ணே நிழல்?”

அவர் நிழலின் உச்சியில் விரல் வைத்தார்.

“வாலு மடங்கியிருக்கு. அப்பா போட்ட சங்கிலி. அவுக்கல.”

“அப்ப வருவீங்கல்ல?”

“நிழல நம்பி நான் கோயிலுக்கு வர முடியாது. கண்ணால பாக்கணும். நிக்கலைன்னா, அப்படியே திரும்பி வந்துருவேன்.”

லோடு இறக்கி, வண்டியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வர மூன்று மணி ஆகிவிட்டது. பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்தோம். அங்கே பாடாலூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறியதும் வலது ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். எனக்கோ வேறு பயம் பிடித்துக்கொண்டது. காலையில் வீடியோவில் பார்த்தேனே, நின்றதே. ஆனாலும் ஊரே இல்லை இல்லை என்று சொன்னால் இருப்பதன்மேல்கூடச் சந்தேகம் வந்துவிடுகிறது.

சிறுவாச்சூரில் மறுநாள் காலை விற்கப் பூக்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஊர் தாண்டியது, சின்ன வெங்காயம் குவித்து மூடிய பட்டறைகள் தாண்டின. காற்றாடி தெரிய வேண்டிய வளைவு வந்தபோது, வலப்பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி முந்த வந்தது. முந்தவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. ஜன்னல் முழுக்க நீலத் தகரம். அண்ணன் எழுந்தே விட்டார்.

“போய்த் தொலையேண்டா!”

லாரி கடைசியில் முன்னேறியது. முதலில் சூரியன் கண்ணைக் குத்தியது. பிறகு மக்காச்சோளம். பிறகு கோபுரம், வட்டம், மடங்கிய வால்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே குரல் கொடுத்தார். “கண்டக்டரே, காத்தாடி இறங்கணும்.”

“காத்தாடியா? அது போயிருச்சுன்னாங்களே!”

“எவன் சொன்னான்? வெளிய பாருங்க.”

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

சாலையைக் கடந்து வரப்பில் நடந்தோம். செல்வராணி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

“வந்துட்டியா? எல்லா இறக்கையும் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்க.”

அண்ணன் உண்மையாகவே அண்ணாந்து எண்ணினார். “ஒண்ணு கொறையுது.”

“அது நீ சின்னப் புள்ளைல கல்லெறிஞ்சு விழுந்ததுடா!”

மூன்று பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு தடவை வந்து பாத்துட்டுப் பேசியிருக்கலாம்ல?” என்றார். அண்ணன் யாழினியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் என்னிடம் கை நீட்டினாள். “என் குட்டிக் காத்தாடி எங்கக்கா?”

அப்போதுதான் அந்தக் கொண்டை நினைவுக்கு வந்தது. பஸ் ஜன்னல் அன்றைக்கு எதையும் அழிக்கவில்லை, எதையும் ஒட்டவில்லை. சரியான இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே. யாழினியை அருகிலும் காற்றாடியைத் தூரத்திலும் வைத்து, அவள் மூடிய கைக்கு நேர் மேலே கோபுரம் எழும் இடத்தில் நான் மண்டியிட்டால் போதும். படத்தில் காற்றாடியைப் பிடித்திருப்பது ஒட்டவைத்த விரல்களாக இருக்காது, அவள் கையாகவே இருக்கும்.

“சுத்தணும்னு சொன்னேன்ல?” என்றாள்.

அண்ணன் கோபுரக் காலில் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். துரு உதிர்ந்தது. நாளை காலை கோயிலுக்குக் கிளம்புமுன் அதை அவிழ்க்கப் பார்க்கிறாராம். வால் நிமிருமா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அது சுற்றுமா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. காற்றும் வர வேண்டும். நான் ஒரே ஒரு படம் எடுப்பேன். காலை வெயிலில் நிழல் கிணற்றுப் பக்கம் விழும். அது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.