பெரிய கப்பல்களுக்கு முன்னால் போன எங்கள் அண்ணன்

எங்கள் அருமை அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கு அவருடைய வாழ்வைத் தங்கையாகிய நான் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

அண்ணன் புத்தூரை அடுத்த சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. திருப்பதியில் தங்கிப் படித்தவர், விடுமுறைகளில் வந்து ஏர் பிடித்தார். மழை பொய்த்துக் கிணறும் வற்றிய ஆண்டில் கடற்படையில் சேர்ந்தார். அவர் அனுப்பிய சம்பளத்தில்தான் என் திருமணம் திருத்தணிப் பக்கத்தில் நடந்தது.

ஒருமுறை மதராஸ் துறைமுகத்தில் போர்க்கப்பல்களைப் பொதுமக்கள் பார்க்க விட்டார்கள். அண்ணன் அம்மாவையும் என்னையும் அழைத்துச் சென்றார். மலைபோல் நின்ற ஒன்றைக் காட்டி அம்மா கேட்டார்:

"இதுவாடா உன் கப்பலு?"

"மொதல்ல இதுல இருந்தேம்மா. குரூசர். பெரிய பீரங்கியால தூரத்துல இருக்கிற கப்பல அடிக்கும். அது டெஸ்ட்ராயர், வேகமா ஓடும். பக்கத்துல ஃப்ரிகேட். சரக்குக் கப்பலுக்குக் காவலா போய், தண்ணிக்கடியில வர்ற நீர்மூழ்கியத் தேடும்."

"இப்ப நீ இருக்கிறது?"

அண்ணன் ஓரத்தில் நின்ற சிறிய கப்பலைக் காட்டினார். அதன் உடம்பைத் தட்டிப் பார்த்த அம்மா திடுக்கிட்டார்.

"மரமாடா!"

"மைன்ஸ்வீப்பர்மா. கடல்ல கண்ணிவெடி போட்டு வச்சிருப்பாங்க. இரும்பு கிட்ட வந்தா வெடிக்கிறதும் உண்டு. அதான் மரம். நாங்க கம்பிய இழுத்துக்கினு போய் வெடிய வாரிடுவோம். அப்புறம் பெரிய கப்பலுங்க வரும்."

"அத்தினி பெரிய கப்பலுக்கு முன்னாடி உன்ன ஏண்டா அனுப்புறாங்க?"

"யாராவது முன்னாடி போவணும் இல்லம்மா?"



ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் இடையே எல்லை முடிவான சமயம் தந்தி வந்தது. விசாகப்பட்டினத்துக்கு ஓடினோம். பயிற்சியின்போது வெடிவாரும் கம்பி அறுந்து அண்ணனின் மார்பில் அடித்திருந்தது. மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்ததும், "வெடி இல்லம்மா, கம்பிதான்," என்றார். அந்த நிலையிலும் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத்தான் அவருக்குத் தோன்றியது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம் போச்சு?"

"ஆந்திராவுலயே நிக்குது அண்ணா. நான் வாக்கப்பட்ட ஊருதான் மதராஸுக்குப் போச்சு."

"நீ அம்மாவ வந்து பாத்துக்கினு போவ ஒண்ணும் தடையில்லையே?"

 இல்லை என்று தலையை அசைத்தேன். மறுநாள் காலை அண்ணன் கண் மூடினார். அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தோம்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்து ஊர்வரை உடன்வந்த கப்பல் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. எல்லைத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரு பக்கத்து ஊராரும் வந்து தோள் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அண்ணா, தடை ஒன்றும் இல்லை. வாராவாரம் ரயிலேறிப் போய் வருகிறேன். இந்த ஓராண்டாக யாராவது ஊட்டினால்தான் அம்மா சாப்பிட்டார். போன வாரம் தானே தட்டெடுத்துச் சோறு போட்டுக்கொண்டார்.