பாக்கியமக்காவின்ரை கரவனுக்குப் பூட்டின கொழுக்கி

கிட்ட வந்து இருங்கோ, உரத்துக் கதைக்க இப்ப என்ரை நெஞ்சு விடாது. கொழுக்கி பூட்டுறது லேசான தொழில் எண்டு நினையாதேங்கோ. முன்னால போறது பிழைவிட்டாலும் பின்னால வாறது பிழைவிட்டாலும், பேச்சு விழுகிறது நடுவில இரும்பு பூட்டினவனுக்குத்தான். மண்ணெண்ணெய்ப் புகைக்குள்ள இருமி இருமிக் காரில போன ஆக்கள் நீங்கள், நான் சொல்லுறதை நம்புவியள்.

எண்பத்திமூண்டு ஆடியில கட்டின சாறத்தோடை கொழும்பால கப்பலில வந்து இறங்கினவன் நான். அங்கை ஒரு கராச்சில வேலை. இஞ்சை வந்து இணுவிலில, வீட்டு மாமரத்துக்குக் கீழ, உலை ஒண்டு போட்டு, உழவு மிசின் பெட்டியளுக்குக் கொழுக்கி அடிச்சுக்கொண்டிருந்தன். பேந்து சண்டையால கரண்டும் நிண்டுது, பெற்றோலும் நிண்டுது. என்ரை நெஞ்சிடி தொடங்கினது அதுக்குப் பிறகு.

கார் மாங்காய் பாத்த கதை

பாக்கியமக்கா அரியாலையில மருத்துவிச்சி. வேலையால இளைப்பாறினவ, எண்டாலும் சனம் விடாது. பிள்ளைப்பெறு நோக் கண்ட பொம்பிளையளைச் சைக்கிள் கரியரில வைச்சு உழக்கிக்கொண்டு போன காலம் அது. அவவின்ரை மனுசன் நில அளவை வேலை பாத்தவர். அந்தாள் இருக்கேக்கை ஏலத்தில எடுத்த கரவன் ஒண்டு வளவுக்குள்ள கோழி அடைஞ்சு கிடந்தது. காட்டுக்குள்ள தங்கி அளக்கிறதுக்கெண்டு செய்த பலகை வீடு, ரண்டு சில்லு. அதைக் கழுவி, முன்பக்கம் ஒரு கட்டில் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியளைப் படுக்கவைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும் எண்டு என்னட்டை வந்தா. இழுக்கிறதுக்குக் கனகரண்ணையின்ரை பழைய ஒஸ்ரின் கார். வாடகைக்கு ஓடினவர், பெற்றோல் நிண்டபிறகு சும்மா இருந்தவர், இதுக்கெண்டு காரை மண்ணெண்ணெயில ஓடவைச்சார்.

நான் காரின்ரை பின்பக்கம் தடிச்ச இரும்பு வைச்சு, குண்டுக் கொழுக்கி ஒண்டு பூட்டி, கரவனின்ரை மூக்கை, முன்னுக்கு நீட்டி நிக்கிற இரும்பை, அதிலை இறக்கினன். கார் அப்பிடியே பின்னுக்குக் குந்திச்சுது. பொனற் எழும்பி, முன்லைற் ரண்டும் என்ரை மரத்து மாங்காயைப் பாக்குது. "உது ஒண்டும் செய்யாது" எண்டு கனகரண்ணை ஏறி ஓட்டினார். படலை தாண்டினவுடனை இடப்பக்கம் திரும்பவேணும். அவர் ஸ்ரேறிங்கைச் சுத்திறது எனக்குத் தெரியுது. முன்சில்லு மண்ணில பட்டும் படாமலும் போகுது. கார் நேராப் போய் எதிர்வளவுக் கிடுகுவேலியைப் பிரிச்சுக்கொண்டு உள்ளுக்கை போச்சுது. கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்ட மனுசிக்குத் தலைக்கு மேலை தூக்கின வாளி தூக்கினபடி நிக்க, தண்ணி மட்டும் இறங்கினது. கிணத்துக்கட்டோடை முட்டாத குறையாக் கார் நிண்டுது. நான் பிரிஞ்ச வேலியால உள்ளுக்கை ஓடினன். கனகரண்ணை இறங்கி வந்து என்ரை முகத்தைப் பாத்தார்.

"தம்பி, நான் திருப்பினது உண்மை. அதுக்குத்தான் விளங்கேல்லை."

நாலு விரல்

வேலி கட்டிக் குடுத்து, மனுசியிட்டை வாங்கவேண்டிய பேச்சையும் வாங்கி முடிய, எந்தக் கொழுக்கி போடுறது எண்டு கதை தொடங்கினது. மிசினுக்குப் போடுற ஊசிக் கொழுக்கி போட்டுப் பாத்தன், கார் குந்திச்சுது. இன்னும் தடிச்ச இரும்பு வைச்சன், அந்தப் பாரத்துக்கு இன்னும் குந்திச்சுது. பொனற்றில ரண்டு பேரை இருத்திக்கொண்டு போவம் எண்டார் கனகரண்ணை. கட்டிலைப் பின்னுக்குத் தள்ளினால் மூக்கு லேசாகும்தான், ஆனால் பிறகு வால் ஆடத் தொடங்கும். மூக்கில பாரம் கொஞ்சம் இருக்கத்தான் வேணும். அதைக் காரின்ரை பின்சில்லு தனியச் சுமக்காமல் முன்சில்லுக்கும் பங்கு குடுக்கவேணும், அதுதான் சங்கதி.

அப்பதான் கொழும்புக் கராச்சில கண்டது நினைவில வந்தது. வெள்ளைக்காரர் ஆரோ கொண்டுவந்த கரவன், அதின்ரை கொழுக்கியிலிருந்து ரண்டு வில்லு, லொறிக்குக் கீழ இருக்கிற வளைஞ்ச இரும்புத்தகடு மாதிரி, பின்னுக்குப் போய்க் கரவன் சட்டத்தில சங்கிலியில தொங்கினது. சங்கிலியை இறுக்க இறுக்க வில்லு வளைஞ்சு, காரின்ரை பின்பக்கத்தைத் தூக்கி, முன்பக்கத்தை நிலத்தில அமத்தும். ரோட்டோரம் எரிஞ்சு கிடந்த லொறியின்ரை வில்லுத்தகடு ரண்டைக் கழட்டி வந்தன். துருப்பிடிச்ச கறளைச் சுரண்டி, துளை போட்டு, கொழுக்கியின்ரை இடம் வலம் ரண்டிலயும் பூட்டினன். பாக்கியமக்கா கொழுவ முன்னமே காரின்ரை முன் ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில விரலை வைச்சுப் பாத்தவ. நாலு விரல். பிள்ளைத்தாய்ச்சி வயித்தை அளக்கிற அதே விரல். "கொழுவின பிறகும் எனக்கு நாலு விரல் வேணும்" எண்டா. கொழுவப் பாத்தால் ஒரு சாண்.

சங்கிலியில ஒரு கண்ணி இறுக்கினன், கொஞ்சம் இறங்கிச்சுது. அடுத்த கண்ணிக்கு நீட்டுக் குழாய் ஒண்டைக் குடுத்து நெம்பேக்கை கை வழுக்கிப் போச்சுது. வில்லு விட்ட வேகத்தில குழாய் என்ரை காதடியால பறந்துபோய் பட்டறைத் தகரத்தைத் துளைச்சுக்கொண்டு நிண்டு ஆடுது. கனகரண்ணை கும்பிட்ட கை எடுக்கேல்லை. பாக்கியமக்கா குழாயைப் பாத்தா, என்னைப் பாத்தா. பிறகு குனிஞ்சு, இறுகின பக்கத்தில விரலை வைச்சா.

"அஞ்சு விரல். இன்னும் ஒரு கண்ணி இறுக்கு, சின்னராசு. உந்தச் சங்கிலிக்கு நேர நிக்காமல் பக்கத்தில நிண்டு இறுக்கு."

வடக்கை போன ரோட்டு

முதல்முதல் ஏத்தினது அரியாலையில வதனி எண்ட பிள்ளையை. புருசன் வெளிநாட்டில, கூட இருக்கிறது மாமி. தலைப்பிள்ளை, நோ விட்டு விட்டு வருது, இணுவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேணும். கரவனுக்குள்ள முன்பக்கக் கட்டிலில வதனி, அவவின்ரை தலைமாட்டில மாமியும் மாமியின்ரை தங்கச்சிமார் ரண்டு பேரும். மூண்டு பேரும் நல்ல தேகம். பாக்கியமக்கா விரல் வைச்சுப் பாத்திட்டுக் காரின்ரை முன்சீற்றில ஏறினா. நான் பின்சீற்றில, திரும்பிக் கொழுக்கியைப் பாத்தபடி.

யாழ்ப்பாண ரவுண் வரைக்கும் தேரில போனமாதிரிப் போனம். ரவுண் தாண்டி வடக்கை திரும்பிக் கொஞ்சத்தூரம் போக, கரவன் மெல்ல இடப்பக்கம் எட்டிப் பாத்துது. பிறகு வலப்பக்கம். பிறகு பாம்புபோல நெளியத் தொடங்கிச்சுது. கண்ணாடிக்குள்ளால எனக்குக் கரவனின்ரை பக்கச்சுவர் முழுக்கத் தெரியுது, அது தெரியவே கூடாது. எதிரில சைக்கிளில வந்த மனுசன் சைக்கிளை விட்டிட்டு வாய்க்காலுக்குள்ள பாய்ஞ்சிட்டார். "பிறேக்கைத் தொடாதேங்கோ அண்ணை, காலை எடுங்கோ" எண்டு கனகரண்ணையின்ரை தோளில தட்டிச் சொன்னன். ஆடி ஆடி அது ஓய்ஞ்சு நிக்க, ஓடிப்போய்க் கதவைத் திறந்தன். கட்டில் பின்சுவரோடை நிக்குது. பாரம் முழுக்க வாலில. மாமி வேர்வையைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "ரோட்டு வடக்கை போகுது. பிள்ளையின்ரை தலையும் வடக்கை கிடக்குது. வடக்கை தலை வைச்சுப் படுக்க நான் விடமாட்டன். ஏலாதெண்டால் ரோட்டைத் திருப்புங்கோ."

கட்டிலைத் திருப்ப முன்பக்கத்தில இடம் காணாமல், தூக்கிப் பின்னுக்குக் கொண்டுபோயிருக்கினம், ஓடுற வண்டிக்குள்ள, வதனி கட்டிலில இருக்க. பாக்கியமக்கா ஏச்சும் இல்லை, விளக்கமும் இல்லை. கட்டிலைப் பழையபடி முன்னுக்குக் கொண்டுபோகச் சொன்னா. தலையணையை மட்டும் எடுத்து, கால் கிடந்த பக்கம் போட்டா. வதனி மாறிப் படுத்தா. தலை தெற்கை, பாரம் முன்னுக்கு. மூண்டு பொம்பிளையளையும் கட்டிலின்ரை அங்காலை, மூக்குப் பக்கம் இருத்தினா. மத்தியானத்துக்கு முன்னம் ஆஸ்பத்திரியில பொடியன் பிறந்தான். இறங்கேக்கை மாமிக்கு எங்களில கோவம்.

"உந்தத் தலையணை வித்தையை முதலே சொல்லியிருந்தால், நாங்கள் ஏன் கட்டிலைக் காவுறம்?"

பாலத்துக்கு முன்னால

தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி முடிவில, ஆமி வாறான் எண்டு யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைக்குள்ள, ஒரே ரோட்டில, நாவற்குழிப் பாலத்தைப் பாத்து. வதனிக்கு ரண்டாவது, புருசன் இடையில வந்திட்டுப் போனவர், நோக் கண்டிட்டுது; மூத்தவன் மாமியின்ரை தங்கச்சிமாரோடை முன்னமே போயிட்டான், மாமி எங்களோடை. விடிஞ்சு வெளிச்சம் வரேக்கை நாங்கள் பாலத்துக்குக் கிட்ட. கார் அடி அடியா ஊர்ந்து, கொதிச்சு, இருந்த கடைசி மண்ணெண்ணெயையும் குடிச்சுப்போட்டு நிண்டுது. பின்னால சனம் நெருக்குது. ரோட்டை மறிச்சபடி நாங்கள். "உதைத் தள்ளி விழுத்துங்கோ தண்ணிக்குள்ள" எண்டு ஒரு குரல் கேக்குது. உள்ளுக்கை வதனி முனகிறது எங்களுக்கு மட்டும் கேக்குது.

பக்கத்தில நிண்டு சங்கிலியை விட்டன். வில்லைக் கழட்டி, கொழுக்கியைத் திறந்தன். சனம் காரை ஓரமாத் தள்ளிவிட்டுது. கரவனின்ரை மூக்குச் சேத்துக்குள்ள இறங்கினது. நானும் கனகரண்ணையும் இன்னும் ரண்டு பேரும் பிடிச்சுத் தூக்கினம், அசையேல்லை. வால் ஆடக்கூடாதெண்டு பாரம் முழுக்க மூக்கில வரப் பழக்கினவன் நான்தானே. இப்ப அந்தப் பாரம் எங்களை நிலத்தோடை பிடிச்சுவைச்சிருக்குது.

பாக்கியமக்கா பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினா. தலையில மூட்டையோடை போன ஒரு மனுசனை மறிச்சு, "சுமந்தது காணும், இஞ்சை தா" எண்டு வாங்கிப் பின்சுவரோடை வைச்சா. அடுத்த மனுசியின்ரை பெட்டி. அடுத்தவரின்ரை அரிசிச்சாக்கு. மழைக்குள்ள சுமை இறக்கக் கிடைச்சால் ஆர் வேண்டாமெண்டுவினம்? ஒவ்வொண்டா வாலில ஏற ஏற, என்ரை கைக்குள்ள மூக்கு லேசாகி லேசாகி எழும்பிச்சுது. பிறகு கடைசியில ஒரு கையால பிடிக்கலாம்போல நிண்டுது. அவ கதவைச் சாத்தினா. மூட்டை குடுத்த ஒருத்தரும் முன்னால போகேல்லை. கேக்காமலே கரவனைச் சுத்திவரக் கைவைச்சினம். முதல் மூட்டைக்காரர் எனக்குப் பக்கத்தில வந்து தோளைக் குடுத்தார்.

"என்ரை குடும்பத்தின்ரை சாமான் முழுக்க உதுக்குள்ள. விழுந்தால் நானும்தான் விழவேணும், தள்ளு."

பாலத்தைத் தாண்டி, கைதடியில ஒரு புளியமரத்துக்குக் கீழ நிப்பாட்டினம். சனம் மூட்டையைக் கேட்டுது. "அலுவல் கிடக்குது, நில்லுங்கோ" எண்டு அவ உள்ளுக்கை போய்க் கதவைச் சாத்தினா. மழைக்குள்ள எல்லாரும் நிண்டம். கனகரண்ணை மட்டும், ரோட்டோரம் விட்டிட்டு வந்த காரின்ரை திறப்புச் சாவியைக் கைக்குள்ள உருட்டிக்கொண்டு நிண்டார். உள்ளுக்கை ஒரு அழுகை கேட்டுது. மாமி மரத்தைப் பிடிச்சுக்கொண்டா.

பேந்து கதவு திறந்துது. பாக்கியமக்கா மூட்டையளை ஒவ்வொண்டா எடுத்து, முகம் பாத்து, உரியவரிட்டைக் குடுத்தா. ஒண்டும் மாறேல்லை. எல்லாம் குடுத்து முடிய, சீலைத் துண்டில சுத்தின கடைசி மூட்டையை மாமியின்ரை கையில வைச்சா. அது காலை உதைச்சுது. மாமி அதைப் பாக்க முதல் கரவனைப் பாத்து, "பிறக்கேக்கை தாயின்ரை தலை எந்தப் பக்கம் கிடந்தது?" எண்டு கேட்டா. பாக்கியமக்கா கையைக் கழுவிக்கொண்டே, "தெற்கை. தலையணையை மாத்திப்போட்டுத்தான் மற்ற வேலை பாத்தனான்" எண்டா.

பாரம் பங்குபோடுற கொழுக்கியை எரிஞ்ச லொறியின்ரை வில்லில செய்தவன் நான், ஊர்ச்சனத்தின்ரை மூட்டையில செய்தவ பாக்கியமக்கா, எண்டாலும் கொழுக்கிக்காரன் எண்ட பேர் இண்டைக்கும் எனக்குத்தான்.