உயிரோடிருந்தவருக்கு ஒரு ஜனாஸா அறிவித்தல்

எங்கள் ஊரான கனமூலையில் யாராவது மவுத்தானால் பள்ளிவாசலிலிருந்து எல்லோருடைய போனுக்கும் மரணச் செய்தியாக ஜனாஸா அறிவித்தல் போகும். அதை அனுப்பும் கணினி நிரலை சி மொழியில் எழுதியவன் நான். கட்டளையில் ‘-f’ போட்டால் அடுத்து அனுப்புபவரின் பெயர் வரவேண்டும். ‘-t’ போட்டால் வெறும் சோதனை, எதுவும் வெளியே போகாது.

அன்று மாமா வீட்டில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். “சும்மாதானே, என்ட பேரைப் போடு” என்று மாமா சிரித்தார். மவுத்தானவர் பெயராக அதைப் போட்டேன். அவசரத்தில் ‘-f’க்குப் பின் அனுப்புபவரின் பெயரை விட்டுவிட்டு நேரே ‘-t’ அடித்தேன். நிரல் அந்த ‘-t’யையே அனுப்புபவரின் பெயராக எடுத்துக்கொண்டதால், இது சோதனை என்று அதற்குத் தெரியவில்லை. மாமா மவுத் என்று ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

சற்று நேரத்தில் வாசல் நிறைய மோட்டார் சைக்கிள்கள். அழுதுகொண்டு வந்தவர்கள் மாமாவைக் கண்டதும் என்னைத் திட்டினார்கள். திருத்தத்தை அடித்து அனுப்பப் போனேன். மாமா கையைப் பிடித்தார்.

“பொறு மகன். கரைத்தீவில தம்பிக்கும் போயிருக்கும்தானே?”

காணித் தகராறில் மாமாவும் அவர் தம்பியும் கதைத்துப் பல வருடமாகிறது. அனுப்பவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நான் வாசலுக்கும் கணினிக்குமாக நடந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மாமா எழுந்து ரோட்டைப் பார்த்தார். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தம்பி வரவில்லை.

“இனி அனுப்பு” என்றார்.

நிரலை அன்றே திருத்திவிட்டேன். பெயர் இல்லையென்றால் இப்போது அது அனுப்பாமல் நின்றுவிடும். ‘அவர் நலமாக இருக்கிறார்’ என்று அன்று நான் அனுப்பியது சரிதானா என்றுதான் இன்னும் தெரியவில்லை.