புராசசர் விலை இறங்கிய நாள்

எங்கள் அப்பாவுக்கு எதையும் வந்த விலைக்கு விற்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. கரிசலில் விளைந்த மிளகாயைக் காயவைத்து, வத்தலை மூடை கட்டி நடுவீட்டில் அடுக்கிவிட்டு, விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருப்பார். ஏறும். இன்னும் ஏறட்டும் என்பார். ஊரெல்லாம் விற்று முடித்து, விலை சரசரவென்று இறங்கிய பிறகுதான் வண்டி பிடிப்பார். அதுவரைக்கும் நாங்கள் தும்மிக்கொண்டே சாப்பிட்டு, தும்மிக்கொண்டே தூங்குவோம். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய்க் கம்ப்யூட்டருக்குப் புராசசர் வாங்கித் தரச் சொன்னாள் அக்கா.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய்ப் படித்தேன். அக்கா கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனி வைத்திருந்த ஒருவர், சுடிதார் கழுத்துக்குப் பூவேலை டிசைன் போட ஆள் தேடினார். அக்கா கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும், அங்கே மெஷின் அதை அப்படியே துணியில் தைத்துவிடும். பொம்பளப்பிள்ளை வெளியே போய் அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே செய்வதானால் செய்யட்டும் என்று அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். ஆனால் வீட்டில் இருந்ததோ யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர். அது ஒரு டிசைனைத் திறப்பதற்குள் நான் குளித்துத் தலை பின்னிக்கொண்டு வந்துவிடலாம். பாதிப் பூ வரைந்ததும் அசையாமல் நின்றுவிடும். அக்கா அணைத்துப் போட்டு, மறுபடியும் முதல் இதழிலிருந்து ஆரம்பிப்பாள்.

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாயிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். திறந்து பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, புராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்றார். ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய். அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். நல்ல மனிதர், உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

“புது மாடல் வரப்போகுது அண்ணாச்சி. வந்துட்டுன்னா இது வெல குறையும்.”

போச்சு. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மழை வரப்போகிறது என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. பணத்தை எடுக்கப் போன கையைச் சட்டைப் பையிலிருந்து வெறுமனே எடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பாய் கடைக்குப் போய் விலை கேட்டு வருவது என் சோலியாயிற்று. போன் போட்டுக் கேட்டால் போதாதா? போதாதாம். போனில் கேட்டால் கூட்டிச் சொல்வாராம், பச்சைப்பிள்ளை நேரில் போய் நின்றால் மனசு இரங்குவாராம். பாய் என்ன, விலையைத் தன் வீட்டுக் கொல்லையிலா விளைய வைக்கிறார்? இதையெல்லாம் அப்பாவிடம் கேட்க முடியாது. நான் கடைப்படி ஏறும்போதே பாய் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு மானம் போகும்.

விலை இறங்கத்தான் செய்தது. ஆறாயிரத்து ஐந்நூறுக்கு வந்தபோது அக்கா வாங்கிவிடலாம் என்றாள். அப்பா பொறு என்றார். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வந்தது. அக்கா கெஞ்சினாள். இன்னும் இறங்கும் என்றார். அதற்கடுத்த வாரம் அது ஆறாயிரத்து இருநூறுக்கு ஏறிக்கொண்டது. சரி, இப்போதாவது வாங்குவார் என்று நினைத்தோம்.

“அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வந்த சாமான ஆறாயிரத்து இருநூறு குடுத்து வாங்குததுக்கு நான் என்ன கேணையனா?” என்றார் அப்பா.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே, அவிய வாங்க மாட்டாவ, நீ வேற வேலை இருந்தால் பார் என்று அக்காவிடம் சொன்னாள். எனக்கும் எரிச்சலுக்குக் குறைவில்லை. புராசசர் வந்ததும் கார் ரேஸ் விளையாட்டு ஏற்றித் தருவதாக அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். பொறுமையாவது புண்ணாக்காவது, எனக்குக் கார் ஓட்ட வேண்டும்.

கம்பெனிக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? சொன்ன நாளில் டிசைன் போய்ச் சேரவில்லை. இரண்டு முறை விட்டுப் பிடித்தார். மூன்றாம் முறை, இங்கே வந்து எங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்வதானால் செய், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அப்பாவே இறங்கி வந்தார்.

“புராசசர் வாங்குத வரைக்கும் போயிட்டு வா. வாங்கின பெறவு வீட்லயே இருந்து செய்யி.”

அக்கா காலை பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்துக்கு வர ஆரம்பித்தாள். வந்ததும் பேச்சுதான். பட்டன் தைக்கிற அக்கா குழம்பில் என்ன போட்டாள், யார் யாரைக் கேலி செய்தார்கள், எந்த நூலுக்கு எந்த நிறம் என்று முதலாளியே இவளைக் கூப்பிட்டுக் கேட்டது, இவள் வரைந்த கழுத்து எத்தனை கட்டுச் சுடிதாரில் ஏறிப் போனது. எனக்குக் கொட்டாவி வரும். முன்பெல்லாம் நான் விலை கேட்டு வந்ததும் ஓடி வந்து முதலில் கேட்பவள், இப்போது நான் சொன்னால்கூடக் காதில் வாங்குவதில்லை. அவளுக்கும் அலுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே எட்டு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை. ஐயாயிரத்து நானூறு என்றார்.

“இது கடைசி பீஸும்மா. இந்த மாடல் இனிமே வராது. அப்பாவ நாளைக்கே வரச் சொல்லு.”

பஸ்ஸில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அப்பா மிளகாய்க் காட்டிலிருந்து இன்னும் வரவில்லை. அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“ஏட்டி, அப்பாட்ட சொல்லாண்டாம்,” என்றாள்.

“கடைசி பீஸுக்கா. போயிரும்.”

“போனாப் போகட்டும்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எட்டு மாதம் அழுது, பட்டினி கிடந்து, என்னை நாள் தவறாமல் கடைக்கு நடக்கவிட்டு, கையில் வந்து விழும்போது போகட்டுமாம்! அப்பாவின் பைத்தியம் இவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். இந்த வீட்டில் புத்தியோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று முடிவு செய்து, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அப்பா போனார். புராசசரை மாட்டிப் பெட்டியோடு வந்து இறங்கியவர், ஆயிரத்து நானூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதையை டீக்கடையில் ஒருத்தர் விடாமல் சொன்னார். உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமையிலிருந்து அலைய வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சரிப்பா என்றாள். அன்றைக்கே எனக்குக் கார் ரேஸ் ஏற்றிக் கொடுத்தாள். கார் பறந்தது.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது அக்கா குளித்து முடித்திருந்தாள். நல்ல சுடிதாராகப் போட்டு, துப்பட்டாவை மடிப்பெடுத்து இரண்டு தோளிலும் பின் குத்தி, பவுடர் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு எதற்குப் பின்னு என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பின்னையும் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

நான் சாப்பிட்டு, பையை எடுத்து, செருப்பு மாட்டித் திரும்பிப் பார்த்தேன். திரையில் பூ பாதியிலேயே நின்றிருந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புராசசரும் மக்கர் பண்ணுகிறதே, சாயங்காலம் பாயிடம் போய் இரண்டில் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன்.