பெட்ரோல் மூடியும் எங்கள் அத்தானும்

என் அக்காவைக் கட்டியவருக்கு ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் ஆகாது. ஹார்டுவேர் கடையில் விற்பனையாளர். ஒழுகும் குழாய், விரிசல் விட்ட தொட்டி என்று யார் வந்து நின்றாலும், ஒரு டப்பா பசையைக் கையில் கொடுத்து, "நல்லா பிசைஞ்சு அடைங்க, ஆயுசுக்கும் அசையாது" என்று அனுப்பிவைப்பார். வாடிக்கையாளர்கள் கேலியாக 'லீக் டாக்டர்' என்று கூப்பிட்டதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்ட மனிதர்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. எலி வருகிறது என்று சமையலறையில் தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்தார். எலி வாசல் வழியாக வந்தது, தண்ணீர் கூடத்துக்கு வந்தது. சாரல் அடிக்கிறது என்று குளியலறை ஜன்னலைச் சுற்றிப் பசை பூசினார். அந்த ஜன்னல் இன்றுவரை திறக்கவில்லை. "தூங்கும்போது மூக்கை ஜாக்கிரதையா பாத்துக்கோ, அதுலயும் ரெண்டு ஓட்டை இருக்கு" என்று அக்காவிடம் சொல்வேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இப்படிப்பட்டவரின் பைக் திக்க ஆரம்பித்தது. காலையில் சமர்த்தாகக் கிளம்பும். பாதி வழியில் இரண்டு இருமல், ஒரு குலுக்கல், சைலன்சரில் 'டப்'பென்று ஒரு வெடி, அவ்வளவுதான். பின்னால் அக்கா கைப்பையோடு இறங்கி நிற்பாள். அத்தான் முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, உள்ளே எட்டிப் பார்ப்பார். "பெட்ரோல் இருக்கு" என்று அறிவித்து மூடியைப் பூட்டுவார். பிறகு ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, கண்ணை மூடி ஊதி, திரும்ப மாட்டுவார். வண்டி கிளம்பிவிடும். "பாத்தியா, பிளக்குதான்!" அடுத்த நாளும் நிற்கும். அடுத்த நாளும் பிளக்குதான்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே வண்டி ஒரு குறையும் இல்லாமல் உறுமும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் பிழைப்பு என்னாவது? பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். மாற்ற எதுவும் மிச்சமில்லாதபோது, பெட்ரோல் பங்கை மாற்றச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதில் அவதிப்பட்டவள் அக்காதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, வருடக்கணக்காகத் தற்காலிகம். இந்த முறை ஒரே ஒருவரை நிரந்தரமாக்குவதாகச் சொல்லி, திங்கட்கிழமை காலை நேர்காணல் வைத்தார்கள். அவள் தாமதமாக வருவதைப் பார்த்துச் சலித்திருந்த நிர்வாகி முகத்துக்கு நேராகவே சொன்னாராம்: "அன்னிக்கும் வண்டி நின்னுடுச்சுன்னா, நீங்க இங்க வராதீங்கம்மா. அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க."

அதற்கு முந்தைய சனிக்கிழமை அத்தான் ஸ்பேனரை வீட்டிலேயே மறந்துவிட்டார். வழக்கம்போல வண்டி நின்றது. மூடியைத் திறந்தார், பார்த்தார், பூட்டினார். ஸ்பேனரைத் தேடித் தேடி, வெறுப்பில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பிவிட்டது. "பிளக்கு தானா ஆறிடுச்சு" என்றார். அக்காவுக்குத்தான் பொறி தட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அல்லவா இருக்கிறது இந்தப் பிளக்கு வைத்தியம்!

வீட்டுக்கு வந்து மூடியை உற்றுப் பார்த்தாள். அதில் இருக்கவேண்டிய சின்னக் காற்றுத் துவாரத்தில் பசை கல்லாக இறுகியிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிவிடும் என்று நம் டாக்டர் செய்த சிகிச்சை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வர வழியில்லை என்றால் பெட்ரோலும் இறங்காது, எஞ்சின் பட்டினியில் திக்கும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து வண்டி பிழைத்துக்கொள்ளும். இதில் பிளக்குக்கு வேலையே இல்லை.

சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே. மூடி எங்க இருக்கு, எஞ்சின் எங்க இருக்கு?"

"அந்தப் பசையை எடுத்துட்டு ஒருநாள் ஓட்டிப் பாத்தாதான் என்னங்க?"

"தண்ணி இறங்கிடுச்சுன்னா உங்கப்பாவா வந்து எஞ்சினப் பிரிப்பாரு?"

எங்கள் அப்பாவை இழுக்காமல் அவருக்கு ஒரு வாதமும் முடியாது. திங்கட்கிழமை பஸ்ஸில் போகிறேன் என்றாள். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப பஸ்ஸா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று தடுத்துவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதோடு நில்லாமல், பெண்டாட்டி சொல் பலித்துவிடக் கூடாது என்ற வீம்பில், மூடியைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பாதி வழியில் வண்டி நின்றது. அத்தான் மூடிப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைத் தேய்த்தார், ஊதினார், மாட்டினார். கிளம்பவில்லை. மறுபடி தேய்த்தார். ம்ஹூம். "பிளக்கு செத்துப்போச்சு. முக்குல போய்ப் புதுசு வாங்கிட்டு வரேன். நீ எதையும் தொடாம நில்லு" என்று கிளம்பினார். போகுமுன் பழைய பிளக்கை அதன் இடத்திலேயே திருகி வைத்தார். ஒரு ஓட்டையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வருமா? சாவியும் வண்டியிலேயே இருந்தது.

அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் பைக்கில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றியவள். கல்யாணமானதும் அவளே பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மூடியைத் திறந்தாள். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே புகுந்தது. கொஞ்சம் பொறுத்து, பட்டனை அழுத்தினாள். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சற்று நேரத்தில் எனக்குப் போன் வந்தது. "வண்டியத் திருடிட்டாங்க!" என்று அத்தான் அலறினார்.

"அக்கா எங்க அத்தான்?"

அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்திருப்பார் போல. "ஆமா, அவளயும் காணோம்" என்றார்.

முதலில் வண்டி, அதற்கப்புறம்தான் அக்கா.

சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா வண்டியை வாசலில் நிறுத்தியதும் அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து சைலன்சரை மோந்து பார்த்தார்.

"வேலை நிரந்தரமாயிடுச்சுங்க" என்றாள் அக்கா.

"சரி, சரி. வர்ற வழியில எங்கயாவது இழுத்துச்சா?"

"இல்ல. மத்தியானமே அந்தப் பசைய ஊசியால குத்தி எடுத்துட்டேன்."

"அப்ப மழை பெஞ்சா?"

அக்கா சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போய், நடுரோட்டில் தனியாகப் பட்டனை அழுத்தும்போது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சுடி. கிளம்பலைன்னா வேலை போயிடும்னு பயம். கிளம்பிட்டா, இத்தன வருஷமா நான் எதுக்குடி பின்னால உக்காந்திருந்தேன்? அந்தப் பயம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு."